சைக்கிளுக்கு மாற்றுப் பூட்டு

நம் சங்கங்களைச் சேர்ந்த நெசவாளர்கள், விவசாயிகள் பலருக்கு இன்றும் சைக்கிள் ஓர் ஆடம்பரப் பொருள் அன்று. தறியையும் மண்வெட்டியையும் போன்று அதுவும் ஒரு தொழிற்கருவியே. பாவும் ஊடையும் வாங்கி வருதல், நெய்த சேலையைச் சங்கத்தில் ஒப்படைத்தல், விடியுமுன் பால் கேனைச் சேகரிப்பு நிலையத்தில் சேர்த்தல், கீரைக்கட்டையும் காய்க்கூடையையும் சந்தைக்குக் கொண்டு செல்லுதல் முதலிய காரியங்கள் யாவும் அதன் கேரியரின் மீதே நடைபெறுகின்றன. அத்தகைய சைக்கிளின் பூட்டுக் கெட்டுவிட்டால், நம்மில் பெரும்பாலோர் செய்வது என்ன? போகும் வழியில் உள்ள கடையில் கைக்கு அகப்பட்டதை வாங்கி மாட்டிவிடுகிறோம். அல்லது, “யார் எடுத்துப் போகப் போகிறார்கள்?” என்று பூட்டாமலே விட்டுவிடுகிறோம். இவ்விரண்டும் தவறு என்பதையும், குறைந்த செலவில் தகுந்த பூட்டைத் தேர்ந்தெடுப்பது எங்ஙனம் என்பதையும் இப்பாடத்தில் ஆராய்வோம்.

சைக்கிள் களவு போனால் போலீஸில் புகார் கொடுத்து மீட்டுக்கொள்ளலாம் என்ற நம்பிக்கை பலரிடம் உண்டு. புகார் கொடுக்கத்தான் வேண்டும். ஆயினும் சட்டத்தில் ஏற்பட்டுள்ள ஒரு மாற்றத்தை நாம் தெரிந்துகொள்வது நலம். இந்தியத் தண்டனைச் சட்டத்திற்குப் பதிலாக 2024 ஜூலை 1 முதல் பாரதிய நியாய சன்ஹிதா அமலில் உள்ளது. அதன் 303-ஆவது பிரிவு திருட்டைப் பற்றியது. களவு போன பொருளின் மதிப்பு ரூ. 5,000-க்குக் குறைவாயின், அது போலீஸார் தாமே புலன் விசாரணை தொடங்கத்தக்க குற்றமாகக் கருதப்படுவதில்லை. மாஜிஸ்திரேட்டின் உத்தரவு வேண்டும். பல ஆண்டுகள் உழைத்த ஒரு பழைய சைக்கிளின் மதிப்பு ஐயாயிரத்தை எட்டுவது அரிது. ஆனால் அதன் சொந்தக்காரருக்கோ, அது இல்லாத ஒவ்வொரு நாளும் கூலி இழப்பு. எனவே சைக்கிளைக் காக்கும் பொறுப்பில் பெரும்பங்கு, வாங்கும் பூட்டையும் பூட்டும் முறையையுமே சார்ந்து நிற்கிறது.

பழைய பூட்டு உண்மையில் கெட்டதா?

புதுப் பூட்டுக்குப் பணம் எடுக்குமுன் பழையதைச் சற்றுச் சோதித்துப் பார்த்தல் வேண்டும். பூட்டு வாங்கிய நாளில் இரண்டு சாவிகள் கொடுத்திருப்பார்கள். ஒன்றை அன்றாடம் உபயோகித்திருப்போம். மற்றொன்று பெட்டியின் அடியில் கிடக்கும். அந்த இரண்டாவது சாவியை எடுத்துப் போட்டுப் பாருங்கள். அது தடையின்றித் திறக்குமாயின் குற்றம் பூட்டில் இல்லை. நாள்தோறும் தேய்ந்த முதல் சாவியில்தான் உள்ளது. புதிய சாவியை மாதிரியாகக் கொண்டு சாவி செய்பவரிடம் மற்றொன்று வெட்டிக்கொண்டால், பூட்டின் விலையில் ஒரு சிறு பகுதியோடு காரியம் முடிந்துவிடும்.

இரு சாவிகளும் இறுகினால் தூசியோ துருவோ காரணமாகலாம். இங்கே நம் மக்கள் கையாளும் வைத்தியம் தேங்காய் எண்ணெய். இதை நாம் சிபாரிசு செய்வதற்கில்லை. எண்ணெய் விட்ட அன்று பூட்டு வழுவழுவென்று திறக்கும். ஆனால் அவ்வெண்ணெய் சில வாரங்களில் பிசினாகிச் சாலைப் புழுதியைப் பற்றி இழுத்துப் பூட்டின் உள்ளே சேறாக்கிவிடும். முதலில் மண்ணெண்ணெய் சில துளி விட்டுச் சாவியைப் பல முறை போட்டு எடுத்து, அழுக்கு வெளிவந்த பின் வெயிலில் உலர்த்த வேண்டும். பின்னர் பென்சில் கரியைச் சுரண்டி அப்பொடியைச் சாவியில் தடவிப் போட்டுத் திருப்பினால் போதும். பென்சில் கரி ‘கிராபைட்’ என்னும் பொருளாதலால் உலர்ந்த நிலையிலேயே வழவழப்புத் தரும், புழுதியையும் ஒட்டவிடாது.

இவ்வளவு செய்தும் திறவாவிடில், அல்லது உள்ளே வில்சுருள் ஒடிந்துவிட்டால், மாற்றத்தான் வேண்டும். சாவி தொலைந்தவரும், அது ஊருக்குள்ளேயே, அவருடைய சைக்கிள் இன்னது என்று அறிந்தோர் நடமாடும் இடத்தில் தொலைந்திருப்பின், பூட்டை மாற்றிவிடுவதே விவேகம்.

சைக்கிள் எங்கே நிற்கிறது?

பூட்டுக் கடைக்குச் சென்று “நல்ல பூட்டு எது?” என்று கேட்பதில் பயனில்லை. அதற்கு முன்னர் நம்மையே நாம் கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி ஒன்று உண்டு: சைக்கிள் எங்கே, எவ்வளவு நேரம், யார் கண்பார்வையில் நிற்கிறது? சங்கத்து வாசலில், உள்ளே இருக்கும் நம் பார்வையில் கால் மணி நேரம் நிற்கும் சைக்கிளுக்கு ஏற்ற பூட்டு வேறு. காலையில் பஸ் நிறுத்தத்தில் விட்டு, பட்டணம் சென்று, மாலையில் திரும்பும் வரை கேட்பாரற்று நிற்கும் சைக்கிளுக்கு ஏற்ற பூட்டு வேறு. இந்த வேற்றுமையைக் கருதாமல் வாங்கும் பூட்டு விலை உயர்ந்ததாயினும் வீண்செலவே.

புதுச் சைக்கிளோடு வருவது பின்சக்கரத்தில் பொருத்தப்படும் வளையப் பூட்டு. ஆரக்கம்பிகளின் ஊடே ஒரு வளைகம்பி பாய்ந்து சக்கரம் சுழலாதபடி தடுக்கிறது. விலை குறைவு; தனியே தூக்கிச் செல்ல வேண்டியதில்லை; ஒரு விநாடியில் பூட்டலாம். எனவே கண்பார்வையில் நிற்கும் சைக்கிளுக்கு இதை விட வசதியானது வேறில்லை. பள்ளிக்கூடங்களில் வழங்கப்படும் இலவசச் சைக்கிள்களைப் போல் எல்லாம் ஒரே நிறமும் உருவமுமாய் நிற்கும் இடத்தில், பிறர் தவறுதலாக ஏறிச் செல்வதையும் இது தடுக்கும். ஆனால் இதன் எல்லை அவ்வளவே. சைக்கிளை ஓட்டிச் செல்லத்தான் இது தடை. தூக்கிச் செல்லத் தடை அன்று. பின்சக்கரத்தைக் கையால் உயர்த்தி முன்சக்கரத்தில் உருட்டிக்கொண்டு போகலாம். சிறு வண்டியில் ஏற்றிவிட்டால் அதுவும் வேண்டியதில்லை.

வளையப் பூட்டையே மாற்ற விரும்புவோர் இரண்டு விஷயங்களைக் கவனிக்க வேண்டும். ஒன்று, பழைய பூட்டைக் கழற்றிக் கையோடு கொண்டு செல்லுதல். மரையாணித் துளைகளின் இடைவெளியும், டயரின் பருமனுக்கு ஏற்ற வாயகலமும் பூட்டுக்குப் பூட்டு வேறுபடும். கண்ணளவை இங்கே ஏமாற்றும். மற்றொன்று, பூட்டியிருக்கும்போதே அந்த மரையாணிகளை ஸ்பானராலோ திருப்புளியாலோ கழற்ற முடிகிறதா என்று பார்த்தல். முடியுமாயின் திருடனுக்கும் முடியும். சைக்கிள் கடைக்காரரிடம் சொல்லி, ஆணியை இறுக்கிய பின் மரையைத் தாண்டி நீளும் நுனியைச் சுத்தியால் தட்டி நசுக்கிவிட்டால் அது எளிதில் கழலாது. இதற்குத் தனிக் கூலி கேட்பவர் அநேகமாக இரார்.

கம்பிவடப் பூட்டும் எண் பூட்டும்

கடைகளில் வண்ண வண்ணமாகத் தொங்கும் சுருள் கம்பிவடப் பூட்டுகள் வாங்குவோரைக் கவர்கின்றன. விரலளவு பருமனாயிருக்கிறதே என்று எண்ணி வாங்குகிறோம். அந்தப் பருமனில் பெரும்பகுதி பிளாஸ்டிக் உறை. உள்ளே இருப்பது மெல்லிய கம்பி இழைகளை முறுக்கிய வடம். நூல் முறுக்கைப் பற்றி நம் நெசவாளருக்கு நாம் சொல்ல வேண்டியதில்லை: பல இழை சேர்ந்தால் இழுவிசைக்குத் தாங்கும்; ஆனால் இழை இழையாக அறுத்தால் தாங்காது. வடத்தை இழுத்து அறுக்க யானை வேண்டியிருக்கலாம். கம்பி வெட்டும் குறடால் நறுக்கச் சிறுவனே போதும். தலைக்கவசத்தையோ பையையோ சைக்கிளோடு பிணைத்து வைக்க இது உதவும். பஸ் நிறுத்தத்தில் பகல் முழுவதும் நிற்கும் சைக்கிளுக்கு இதை மட்டும் நம்புதல் கூடாது.

எண்களைத் திருப்பித் திறக்கும் பூட்டில் சாவி தொலையும் பயம் இல்லை என்பது உண்மை. ஆனால் கணக்கைப் பாருங்கள். மூன்று எண் வட்டங்கள் உள்ள பூட்டில் 000 முதல் 999 வரை ஆயிரம் சேர்க்கைகளே உண்டு. விநாடிக்கு ஒன்றாகத் திருப்பிப் பார்த்தால் 17 நிமிஷத்திற்குள் எல்லாம் முடிந்துவிடும். நான்கு வட்டங்களாயின் சேர்க்கை பத்தாயிரம். அதே வேகத்தில் சுமார் 2 மணி 47 நிமிஷம். எண் பூட்டே வேண்டும் என்போர் நான்கு வட்டமுள்ளதையே வாங்குக. அதிலும் மலிவான தினுசுகளில், பூட்டை இழுத்துப் பிடித்துக்கொண்டு வட்டங்களை ஒவ்வொன்றாகத் திருப்பினால் சரியான எண்ணில் சற்றுத் தட்டுப்படுவதைக் கைத்தேர்ச்சியுள்ளவர் உணர்ந்துவிடுவர்.

இரும்பு உறுதியாயிருந்தால் பூட்டும் உறுதியாயிருக்கும் என்று எண்ணுவதும் பிழையே. இதற்கு 2004-ஆம் ஆண்டில் அமெரிக்காவில் நிகழ்ந்த ஒரு விஷயம் நல்ல சான்று. கிரிப்டோனைட் என்னும் கம்பெனியின் லாட வடிவப் பூட்டுகள் மிகக் கனத்த எஃகினால் செய்யப்பட்டவை, விலையும் அதிகம். அவற்றில் சில, குழாய் போன்ற வட்டச் சாவியால் திறப்பவை. சாதாரணப் பால்பாயிண்ட் பேனாவின் பிளாஸ்டிக் குழலை அச்சாவித்துளையில் அழுத்தித் திருப்பினால் பூட்டுத் திறந்துகொள்கிறது என்று ஒருவர் செய்து காட்டினார். செய்தி எங்கும் பரவி, கம்பெனியார் பழைய பூட்டுகளை வாங்கிக்கொண்டு மாற்றுப் பூட்டுகளை இலவசமாகக் கொடுக்கும்படி ஆயிற்று. பிற்காலத்து நல்ல தயாரிப்புகளில் அந்த வகைச் சாவி கைவிடப்பட்டது. ஆயினும் விலை மலிந்த கம்பிவடப் பூட்டுகளில் வட்டச் சாவி இன்றும் காணப்படுகிறது. அதைக் கண்டால் வாங்காமல் விடுவது நலம்.

லாட வடிவப் பூட்டு, நல்ல சாவியமைப்பு உள்ளதாயின், சிறந்ததே. ஆனால் நம் மக்களுக்கு அதில் இரண்டு இடையூறுகள். விலை அதிகம், மேலும் அது வளையாத இரும்பாதலால் மெல்லிய கம்பத்திலன்றிப் பூட்ட இயலாது. நம் ஊர்களில் சைக்கிளைச் சார்த்த வேப்ப மரமும் கல்தூணுமே கிடைக்கின்றன.

சங்கிலியும் திண்டுக்கல் பூட்டும்

கேட்பாரற்று நிற்கும் சைக்கிளுக்கு நம் யோசனை இதுவே: ஒரு முழ அளவுக்குச் சற்றே இருமடங்கு நீளமுள்ள இரும்புச் சங்கிலியும், ஒரு நல்ல தொங்கு பூட்டும். இரண்டையும் தனித்தனியே வாங்குவதால், ஒன்று பழுதானால் அதை மட்டும் மாற்றலாம். சிக்கனத்தின் பெரும்பகுதி இதில்தான் இருக்கிறது.

சங்கிலியை இரும்புக் கடையில் எடை போட்டு வாங்கலாம். 6 மில்லிமீட்டர் கம்பியால் ஆன குறுங்கண்ணிச் சங்கிலி மீட்டருக்குச் சுமார் 800 கிராம் எடை இருக்கும். 8 மில்லிமீட்டர் சங்கிலி ஏறக்குறைய 1 கிலோ 400 கிராம். கடையில் எடைக்குக் கிடைப்பது பெரும்பாலும் மெல்லிரும்பு. பெரிய வெட்டுக்கருவி கொண்டுவந்தவனுக்கு அது நிரந்தரத் தடையாகாது; ஆனால் குறடு ஒன்றை மடியில் செருகிக்கொண்டு வருபவனைத் தடுத்து நிறுத்தும். 6 மில்லிமீட்டருக்குக் குறைந்ததை வாங்குவதில் பொருளில்லை. 8 மில்லிமீட்டரே மேல். கேரியரில் பால் கேனுக்குப் பக்கத்தில் அந்த எடை ஒரு பாரமாகாது. கண்ணிகள் பற்றவைக்கப்பட்டவையா என்று ஒவ்வொன்றாகப் பார்த்தல் வேண்டும். வெறுமே வளைத்து முனையைச் சேர்த்துவிட்ட கண்ணிகள் இரு ஸ்பானர்களால் நெம்பினால் விரிந்துவிடும்.

நீளம் 90 சென்டிமீட்டர் போதும். பின்சக்கரம், சைக்கிளின் சட்டம், மரம் அல்லது தூண் ஆகிய மூன்றையும் அது சுற்ற வேண்டும். தூண் பருத்ததாயின் இன்னும் ஓரடி கூட்டிக்கொள்ளலாம். அதற்கு மேல் நீண்டால் சங்கிலி தரையில் புரளும். தரையில் கிடக்கும் சங்கிலியைக் கல்லின் மீது வைத்து உடைப்பது எளிது. சட்டத்தின் வர்ணம் உரியாதிருக்கப் பழைய சைக்கிள் டியூபைச் சங்கிலிக்கு உறையாக மாட்டிவிடலாம். நம்மிடம் துணிக்குப் பஞ்சமில்லையே, துணி உறை தைத்தாலென்ன என்று நெசவாளர் கேட்கலாம். துணி மழைநீரைப் பிடித்து வைத்துத் துருவை வளர்க்கும். இந்த ஒரு காரியத்திற்கு டியூபே தகும்.

இனித் தொங்கு பூட்டு. திண்டுக்கல் பூட்டின் பெருமையை நாம் விரித்துரைக்க வேண்டியதில்லை. 2019-ஆம் ஆண்டில் அதற்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. அதே ஆண்டில் காரைக்குடிக் கண்டாங்கிச் சேலைக்கும் அச்சிறப்பு வாய்த்தது நம் நெசவாளருக்கு நினைவிருக்கும். திண்டுக்கல் பூட்டுக்காக அவ்விண்ணப்பத்தைச் செய்தது பூட்டுத் தொழிலாளர்களின் கூட்டுறவுச் சங்கமே என்பது நம் பத்திரிகை வாசகர்களுக்கு மகிழ்ச்சி தரத்தக்கது. அலிகாரிலிருந்து வரும் இயந்திரப் பூட்டுகளின் போட்டியால் கைத்தொழிலாளர் நலிவுற்றிருக்கும் நிலையில், விலையும் தரமும் ஒத்திருக்குமாயின் நாம் அவர்களிடம் வாங்குவதே முறை. ஆனால் தொழிலாளர் மீதுள்ள பரிவால் மட்டும் வாங்குங்கள் என்று நாம் சொல்லவில்லை. அதன் அமைப்பைப் பாருங்கள்.

திண்டுக்கல் பூட்டு ‘லீவர்’ வகையைச் சேர்ந்தது. உள்ளே தகடுகள் பல ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கப்பட்டு, ஒவ்வொன்றும் வில்லால் அழுத்தப்பட்டிருக்கும். சாவியின் ஒவ்வொரு பல்லும் தனக்குரிய தகட்டைக் குறித்த உயரத்திற்குத் தூக்க வேண்டும். சற்றுக் குறைந்தாலும் தாழ் நகராது. சற்று மிகுந்தாலும் நகராது. தறியில் ஒரே ஓர் இழை ஏறாமல் நின்றால் கரை பிசகிவிடுவதைப் போன்றது இது. தகடுகள் எத்தனைக்கெத்தனை அதிகமோ அத்தனைக்கத்தனை பாதுகாப்பு மிகும். எனவே கடைக்காரரிடம் கேட்க வேண்டிய முதல் கேள்வி “எத்தனை லீவர்?” என்பதே. இரண்டு மூன்று லீவர் உள்ள பூட்டு சமையலறை அலமாரிக்குப் போதும். தெருவில் நிற்கும் சைக்கிளுக்கு ஐந்து ஆறாவது இருத்தல் வேண்டும். வீட்டுக் கதவுக்கான பெரிய மாங்காய்ப் பூட்டைச் சங்கிலியில் தொங்கவிடுவதால் அதிகப் பயன் இல்லை; அது ஆரக்கம்பியில் மோதி ஓசை செய்வதுதான் மிச்சம். நடுத்தர அளவே ஏற்றது.

கடையிலேயே செய்யத்தக்க சோதனைகள் சில உண்டு. சிறிய அரம் ஒன்றைக் கையோடு கொண்டுபோய், கடைக்காரர் அனுமதியுடன், பூட்டின் வளைகம்பியில் ஓரமாக ஓர் இழுப்பு இழுத்துப் பாருங்கள். அரம் பற்றிச் சீவினால் அது மெல்லிரும்பு. வழுக்கினால் கடினப்படுத்திய எஃகு. பின்னதையே கொள்க. பித்தளைப் பூட்டு என்று சொல்லி விற்றால் காந்தத்தை வைத்துப் பார்க்கலாம். உடலில் ஒட்டினால் அது பித்தளை முலாம் பூசிய இரும்பு. இரும்பாயிருப்பதில் குற்றம் இல்லை. பித்தளை விலை கொடுப்பதில்தான் குற்றம். மூன்றாவதாக, அதே தினுசில் மூன்று நான்கு பூட்டுகளை எடுத்து வைக்கச் சொல்லி, ஒன்றன் சாவியை மற்றொன்றில் போட்டுப் பாருங்கள். மலிவான பூட்டுகளில் சாவி வகைகள் சிலவே இருப்பதால், ஒன்றன் சாவி மற்றொன்றைத் திறந்துவிடுவதுண்டு. அப்படித் திறந்தால் அந்தக் கடையில் அந்தத் தினுசை வாங்காதீர்கள். சங்கிலியை முன்பே வாங்கியிருந்தால் அதன் கடைசிக் கண்ணிகள் இரண்டிலும் வளைகம்பி நுழைகிறதா என்றும் பார்த்துக்கொள்ள வேண்டும். இதை மறந்து வீடு திரும்பியவர் பலர்.

எவ்வளவு செலவு செய்யலாம்? சைக்கிள் விலையில் பத்தில் ஒரு பங்கைப் பூட்டுக்குச் செலவிடலாம் என்று சொல்வாருண்டு. அக்கணக்கின்படி ரூ. 5,000 பெறும் சைக்கிளுக்கு ரூ. 500. நம் கருத்தில், சைக்கிளின் விற்பனை விலையை விட, அது இல்லாவிடில் இழக்கும் கூலியே சரியான அளவுகோல். பத்து நாள் கூலி நின்றுபோகும் குடும்பத்திற்கு ஒரு நாள் கூலியைப் பூட்டில் போடுவது மிகையாகாது. கையில் ஒரு பூட்டுக்குத்தான் பணம் உள்ளது என்றால், சைக்கிள் எப்போதும் கண்பார்வையில் நிற்பவர் வளையப் பூட்டை மட்டும் மாற்றிக்கொள்ளட்டும். வெளியில் விட்டுச் செல்பவர் கெட்டுப்போன வளையப் பூட்டை அப்படியே விட்டுச் சங்கிலியும் தொங்கு பூட்டும் வாங்கட்டும்.

பூட்டும் முறை

முன்சக்கரத்தை மட்டும் கம்பத்தோடு பூட்டிச் செல்வோரை அடிக்கடி காண்கிறோம். இரண்டு மரைகளைக் கழற்றினால் முன்சக்கரம் தனியே வந்துவிடும். சக்கரம் பூட்டோடு நிற்க, சைக்கிள் போய்விடும். கேரியரில் பூட்டுவதும் அத்தகையதே. சங்கிலி பின்சக்கரத்தின் ஊடும், இருக்கைக்குக் கீழுள்ள முக்கோணச் சட்டத்தின் ஊடும் சென்று, அசையாத ஒன்றைச் சுற்றி வர வேண்டும். சுற்றியபின் தளர்ச்சி இராமல் இழுத்துப் பூட்டி, சாவித்துளை தரையை நோக்கி இருக்கும்படி விடுக. மழைநீர் உள்ளே இறங்காது. பிறர் கருவி கொண்டு துளைக்கவும் வசதிப்படாது. இளங்கன்று மரங்களிலும், மேல்முனை திறந்த குட்டைக் கம்பங்களிலும் பூட்டுவது வீண்.

அசையாத பொருள் எங்கும் கிடைப்பதில்லையே என்பது நியாயமான குறை. இங்கேதான் சங்கங்கள் செய்யக்கூடிய காரியம் ஒன்று உண்டு. இரும்புக் குழாயைக் கவிழ்த்த ‘ப’ வடிவில் வளைத்து, தரைக்கு மேல் 75 சென்டிமீட்டர் உயரம் நிற்க, கால்கள் 30 சென்டிமீட்டர் ஆழம் கான்கிரீட்டில் புதையும்படி நிறுத்தலாம். புதையும் கால்களில் குறுக்காக ஒரு கம்பித்துண்டைப் பற்றவைத்தால் பிடுங்க முடியாது. பக்கத்திற்கு ஒன்றாக இரண்டு சைக்கிள்கள் ஒரு வளைவில் நிற்கும். ஐந்து வளைவுகள் பத்துச் சைக்கிள்களுக்குப் போதும். ஒரு மூட்டை சிமெண்டும் ஒரு பற்றவைப்போரின் அரைநாள் வேலையுமாக முடியும் இச்செலவைப் பொதுநல நிதியிலிருந்து செய்யலாமா என்று அடுத்த நிர்வாகக் குழுக் கூட்டத்தில் அங்கத்தினர்கள் கேட்கலாம். பூட்டுகளையும் இருபது முப்பது பேர் சேர்ந்து திண்டுக்கல்லிலிருந்து மொத்தமாகத் தருவித்தால் விலையில் சகாயம் கிடைக்கக்கூடும். ஆனால் அவ்வாறு தருவிக்கும்போது, எல்லாப் பூட்டுகளின் சாவிகளையும் ஒன்றோடொன்று மாற்றிப் போட்டுச் சோதித்த பின்னரே பட்டுவாடா செய்ய வேண்டும்.

வாங்கி வந்த அன்றே செய்ய வேண்டியவை இரண்டு. இரண்டாவது சாவியைச் சாவிக்கொத்தில் சேர்க்காமல் வீட்டில் தனியே வைத்து, வீட்டில் உள்ள மற்றொருவருக்கும் அந்த இடத்தைச் சொல்லி வைத்தல் ஒன்று. சைக்கிளின் சட்டத்தில் பொறித்துள்ள எண்ணைக் குறித்துக்கொள்ளுதல் மற்றொன்று. அவ்வெண் பெரும்பாலும் பெடல் அச்சுச் செல்லும் குழாயின் அடியிலோ, இருக்கைக் குழாயின் மீதோ இருக்கும். சேறு மூடியிருந்தால் மண்ணெண்ணெய்த் துணியால் துடைத்தால் தெரியும். அதைச் சங்கப் பாஸ் புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில் எழுதி, சைக்கிள் வாங்கிய ரசீது இருக்குமாயின் அதையும் அதனுள் வைத்துவிடலாம்.